தரைப்பறவை வேட்டைக்கு ரவை எண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வட அமெரிக்காவில் பெசன்ட், காடை, கிரவுஸ், கௌதாரி போன்ற தரைப்பறவைகளை வேட்டையாட முதன்முறையாகக் கிளம்புகிறவருக்கு, உரிமமும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கைக்கு வந்த பிறகு வருகிற முதல் குழப்பம், எந்தத் தோட்டாப் பெட்டியை வாங்குவது என்பதுதான். தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சிறு உலோக உருண்டைகளான ரவைகளின் அளவைக் குறிக்க, பெட்டிகளின் மீது 4, 5, 6, 7½, 8 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ‘இந்தப் பறவைக்கு இந்த எண்’ என்று யாராவது ஒரு பட்டியலைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். அந்தப் பட்டியல்கள் தவறானவை அல்ல. ஆனால் அவை பாதி விடையையே தருகின்றன. பறவை எவ்வளவு தொலைவில் இருக்கும்போது சுடுகிறோம், அந்தத் தொலைவில் எத்தனை ரவைகள் அதன் உடலைத் தொடுகின்றன, தொட்ட ரவை இறகையும் சதையையும் கடந்து உள்ளுறுப்புவரை போகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து விடை சொல்கிற எண்ணே சரியான எண். அதை இறுதியாகச் சொல்லக்கூடியது உங்கள் துப்பாக்கி ஒரு தாளில் பதிக்கிற துளைகள் மட்டுமே.

எண்ணைப் புரிந்துகொள்ளுதல்

அமெரிக்க முறையில் எண் கூடக்கூட ரவை சிறுக்கும். எண்ணை 17-இலிருந்து கழித்தால், ரவையின் விட்டம் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்பது கிடைத்துவிடும். 6-ஆம் எண் ரவை 0.11 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர். 4-ஆம் எண் 0.13 அங்குலம், 7½ என்பது 0.095 அங்குலம், 9 என்பது 0.08 அங்குலம். பிரிட்டிஷ் முறையின் எண்கள் இவற்றோடு ஒத்துப்போகாது. அங்கே 6 என்று குறிக்கப்படுவது சுமார் 2.6 மில்லிமீட்டர்தான். ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றில் மில்லிமீட்டர் அளவும் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், ஐயம் வந்தால் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பார்ப்பதே பாதுகாப்பு. இக்கட்டுரையில் வருபவை எல்லாம் அமெரிக்க எண்கள்.

விட்டத்தில் சிறிதாகத் தெரிகிற வேறுபாடு எடையில் பெரிதாகிவிடுகிறது. 7½-க்கும் 6-க்கும் இடையில் விட்டம் 16 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் ஒரு ரவையின் எடை ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகிறது. எடை கூடிய ரவை காற்றில் வேகத்தை மெதுவாகவே இழக்கும். ஆகவே தொலைவில் ஆழமாக ஊடுருவும். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை எண்ணிக்கை. ஓர் அவுன்ஸ் ஈயத்தில் 9-ஆம் எண் ரவை சுமார் 585 இருக்கும்; 8 என்றால் 410, 7½ என்றால் 350, 6 என்றால் 225, 5 என்றால் 170, 4 என்றால் 135. பெரிய ரவையைத் தேர்ந்தால் ஒவ்வொன்றும் வலுவாக அடிக்கும், ஆனால் பறவையைச் சுற்றி இடைவெளிகள் விழும். சிறிய ரவையைத் தேர்ந்தால் இடைவெளி குறையும், ஆனால் தொலைவில் அவை இறகைத் தாண்டாமலே நின்றுவிடலாம். ரவை எண்ணைப் பற்றிய வாதங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கின்றன.

முதற்படி: தொலைவை நேர்மையாகக் கணித்தல்

பறவையின் பெயருக்கு முன்பே தொலைவை முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. மோப்ப நாய் பறவையைக் கண்டு அசையாமல் நிற்க, நீங்கள் அருகில் சென்று கிளப்பினால், சுடும் தொலைவு பெரும்பாலும் 20 முதல் 30 கஜத்துக்குள் அடங்கிவிடும். நாய் இல்லாமல் புல்வெளியில் வரிசையாக நடந்து கிளப்பினால் அதே பறவை 35, 40 கஜத்தில் எழும். அடர்ந்த ஆஸ்பென் இளங்காட்டில் கிரவுஸ் வேட்டையில் 25 கஜத்துக்கு அப்பால் பறவையே கண்ணுக்குத் தெரியாது. புதியவர்களில் சிலர் தொலைவைக் கூட்டி மதிப்பிடுவார்கள், சிலர் குறைத்து மதிப்பிடுவார்கள். இரண்டுமே தவறான தோட்டாவில் கொண்டுபோய்விடும். ஒரு மைதானத்தில் 20, 30, 40 கஜங்களில் குச்சி நட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் பறவை அளவுள்ள அட்டையை வைத்துத் துப்பாக்கி இல்லாமலே சற்று நேரம் பார்த்துப் பழகினால், கண் திருந்திவிடும். 40 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று ஆரம்பத்தில் தீர்மானித்துக்கொள்வது, எந்த ரவை எண்ணையும்விட அதிகமான பறவைகளைக் காயத்தோடு பறந்துபோகாமல் காக்கும்.

இரண்டாம் படி: பறவை

பெசன்ட் சேவலில் தொடங்கலாம்; தவறு அதிகம் நேர்வது அங்கேதான். ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1880-களின் தொடக்கத்தில் ஒரேகான் மாநிலத்தில் வெற்றிகரமாக வேரூன்றிய இந்தப் பறவை, இன்று தெற்கு டகோட்டாவின் மாநிலப் பறவை. பெரும்பாலான மாநிலங்களில் காட்டுப் பெசன்டில் சேவலை மட்டுமே சுடலாம். சேவல் ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது, தடித்த எலும்பும் அடர்ந்த இறகும் உடையது, காயம்பட்டாலும் தரையில் இறங்கி ஓடக்கூடியது. அது எழும்போது மிகப் பெரியதாகத் தோன்றும். ஆனால் அந்த நீளத்தில் ஏறக்குறையப் பாதி வால். தலை, கழுத்து, உடல் ஆகியவை அதன் முன்பகுதியில் அடங்கிவிடுகின்றன. புதியவரின் கண் அந்த நீண்ட வாலையும் சேர்த்து முழுப் பறவையாகக் கொள்வதால், ரவைத் திரளின் நடுப்பகுதி பின்னால் விழுந்து, ஓரத்து ரவைகள் மட்டுமே உடலைத் தொடுகின்றன.

தெற்கு டகோட்டாவில் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை தொடங்குகிற பருவத்தின் முதல் வாரங்களில், இளம் சேவல்கள் நாய்க்கு முன்னால் பொறுத்திருந்து அருகில் எழும். அப்போது ஈயத்தில் 6-ஆம் எண் நன்றாகவே போதும். டிசம்பருக்குள் மிஞ்சியிருப்பவை அனுபவப்பட்ட சேவல்கள். குளிருக்காக இறகு தடித்திருக்கும், கதவைச் சாத்தும் ஓசை கேட்டாலே எழுந்துவிடும், எழுவதும் எப்போதும் உங்களுக்கு முதுகைக் காட்டியபடி. பின்புறமிருந்து நுழைகிற ரவை இடுப்பெலும்பையும் குடலையும் கடந்துதான் இதயத்தையும் நுரையீரலையும் அடைய வேண்டும். அங்கே 5-ஆம் எண்ணும், திறந்த வெளியில் 4-ஆம் எண்ணும் தங்கள் தகுதியைக் காட்டுகின்றன. ஒரே எண்ணைத்தான் வாங்க முடியும் என்றால், பெசன்டுக்கு நான் 5-ஐச் சொல்வேன்.

பாப்வைட் காடை சுமார் 170 கிராம் எடையுள்ள, மென்மையான உடல் கொண்ட பறவை. கூட்டமாக வெடித்துக் கிளம்பும், அருகிலேயே சுட வேண்டியிருக்கும். ஊடுருவல் இங்கே பிரச்சினையே அல்ல, இடைவெளிதான் பிரச்சினை. ஆகவே 8 அல்லது 7½. காடைக் கூட்டத்தைப் பார்த்துச் சுடாமல் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து சுட வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லப்படுகிறது, கிட்டத்தட்ட எல்லோரும் முதல் முறை மறந்துவிடுகிறார்கள்.

காட்டுக் கிரவுஸ் அரைக் கிலோவுக்குச் சற்று மேலான எடை உடையது. ஆனாலும் அதன் தோல் மெல்லியது, அதிகம் தாங்காது. இலையடர்ந்த அக்டோபரில் 8, இலை உதிர்ந்து தொலைவு கூடியபின் 7½. பருவக் கடைசியில் 6-க்கும் போகலாம். உட்காக் இன்னும் சிறியது, இன்னும் அருகில் எழுவது. 8 அல்லது 9. புறாவுக்கு 7½ அல்லது 8. நெவாடா, ஐடஹோ போன்ற மாநிலங்களின் பாறைச் சரிவுகளில் வாழும் சுக்கர் கௌதாரியும், புல்வெளிகளின் ஹங்கேரியக் கௌதாரியும் நடுத்தர அளவுப் பறவைகள். அருகில் 7½, காற்றடிக்கும் திறந்த சரிவில் 6. கூர்வால் கிரவுஸ் பெசன்டுக்கு நெருக்கமான எடையுடையதாயினும் அவ்வளவு கெட்டியான பறவை அல்ல. அதற்கு 6 பொருந்தும். மிகப் பெரிதான சேஜ் கிரவுஸுக்கு 5 அல்லது 4.

ஒரே நாளில் காடையும் பெசன்டும் எழக்கூடிய கான்சஸ் போன்ற இடங்களில், இரண்டு குழல் துப்பாக்கி உடையவர்கள் முதல் குழலில் 7½, இரண்டாம் குழலில் 5 அல்லது 6 போட்டுக்கொள்வதுண்டு. இரண்டாவது சூடு பெரும்பாலும் தொலைவுச் சூடாகவே இருக்கும் என்பதால் அந்த ஏற்பாட்டில் பொருளிருக்கிறது.

மூன்றாம் படி: உலோகமும் சட்டமும்

மேலே சொன்னவை எல்லாம் ஈயத்துக்கான எண்கள். ஈய ரவையை நீர்ப்பறவைகள் விழுங்கி நஞ்சேறி இறப்பதால், அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. தரைப்பறவைகளுக்கு அத்தகைய நாடு தழுவிய தடை இல்லை. ஆனால் கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற ரவை கட்டாயம். வாத்துகளின் இனப்பெருக்கத்துக்காகக் கூட்டாட்சி அரசு பராமரிக்கிற புல்வெளிகளிலும் அப்படித்தான். அங்கே பெசன்டைத் தேடி நடந்தாலும் சட்டைப்பையில் ஈயத் தோட்டா இருக்கக்கூடாது. டகோட்டாக்களிலும் மினசோட்டாவிலும் நல்ல பெசன்ட் நிலங்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே நிலத்தை முதலில் முடிவுசெய்து, அதன் விதியை அந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்த பிறகே பெட்டியை வாங்க வேண்டும். உட்காக்கும் புறாவும் வலசைப் பறவைகள் ஆதலால், துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு இருக்க வேண்டும் என்ற கூட்டாட்சி விதியும் அவற்றுக்குப் பொருந்தும்.

ஈயத்துக்கு மாற்றாக மலிவாகக் கிடைப்பது எஃகு. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்கு மேல், எஃகுக்கு 8 கிராமுக்கும் குறைவு. இலேசான ரவை வேகத்தை விரைவாக இழப்பதால், ஈயத்தில் பயன்படுத்துவதைவிட இரண்டு எண் பெரிய எஃகு ரவையைத் தேர்வது வழக்கம்: ஈயம் 6 என்றால் எஃகு 4, ஈயம் 5 என்றால் எஃகு 3. இலேசாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. ஓர் அவுன்ஸில் எஃகு 4-ஆம் எண் ரவைகள் சுமார் 192 இருக்கும். ஆகவே அளவு பெருத்தாலும் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. பருவக் கடைசிப் பெசன்டுக்கு எஃகில் 3, 2 என்று இறங்கத் தயங்க வேண்டாம்.

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இங்கே நிற்க வேண்டும். எஃகு ரவை நசுங்காது. எஃகுக்காகச் செய்யப்படாத மெல்லிய பழைய குழலையும், குழலோடு இணைந்த இறுக்கமான முனைக் குறுக்கத்தையும் அது கெடுத்துவிடக்கூடும். துப்பாக்கித் தயாரிப்பாளரின் உறுதியோ, தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரின் சொல்லோ இல்லாமல் அதில் எஃகைப் போடக்கூடாது. அத்தகைய துப்பாக்கிக்குப் பிஸ்மத் என்ற உலோகம் பொருந்தும். அது ஈயத்தைப் போல மென்மையானது, அடர்த்தியில் ஈயத்துக்குச் சற்றுக் குறைவு, ஆகவே ரவையை ஓர் அளவு மட்டும் பெரிதாக்கினால் போதும். விலை அதிகம். டங்ஸ்டன் கலவைகள் பலவும் ஈயத்தைவிடவும் அடர்த்தியானவை, விலையோ பிஸ்மத்தையும் மிஞ்சுவது. தரைப்பறவை வேட்டைக்குப் புதியவருக்கு அவை தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

ஈயத்திலேயேகூட எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. ஆன்டிமனி என்ற தனிமம் கூடுதலாகச் சேர்த்த கெட்டி ஈயம், சுடும் அழுத்தத்தில் உருக்குலையாமல் உருண்டையாகவே வெளிவரும். நசுங்கிய ரவைகள் பக்கவாட்டில் விலகிப்போகும், வேகமும் விரைவில் இழக்கும். மலிவான பயிற்சித் தோட்டாவில் மென்மையான ஈயம் இருப்பதுண்டு. காடைக்கு அது கவலையில்லை, பெசன்டுக்கு நல்ல பெட்டி வாங்குவது நல்லது.

நான்காம் படி: கேஜ், எடை, சோக்

பெட்டியின் மீது ‘12, 2¾, 3¾, 1¼, 6’ என்று ஒரு வரி இருக்கலாம். முதலாவது கேஜ், அதாவது குழலின் உட்புற அகலத்தைக் குறிக்கும் எண் (எண் கூடினால் குழல் சிறுக்கும்), இரண்டாவது தோட்டாவின் நீளம் அங்குலத்தில், மூன்றாவது பழைய கரும்பொடி அளவோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் வெடிமருந்தின் வலு, நான்காவது ரவையின் மொத்த எடை அவுன்ஸில், கடைசியில் ரவை எண். புதிய பெட்டிகளில் மூன்றாவது எண்ணுக்குப் பதிலாக வேகமே அடியாகக் குறிக்கப்படுகிறது. மேற்சொன்ன தோட்டா விநாடிக்கு 1,330 அடி வேகம் கொண்டது. நீளத்தைத் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 2¾ அங்குல அறையில் 3 அங்குலத் தோட்டா உள்ளே நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது அழுத்தம் அபாயமாக உயரும்.

கேஜ் ரவையின் ஊடுருவலை மாற்றுவதில்லை. 20 கேஜில் புறப்படுகிற 6-ஆம் எண் ரவையும் 12 கேஜில் அதே வேகத்தில் புறப்படுகிற 6-ஆம் எண் ரவையும் பறவைக்கு ஒன்றே. மாறுவது எண்ணிக்கை. 12 கேஜின் 1¼ அவுன்ஸில் 4-ஆம் எண் ரவை சுமார் 169. 28 கேஜின் ¾ அவுன்ஸில் 6-ஆம் எண் ரவையும் அதே 169. சிறிய கேஜ் வைத்திருப்பவர் பெரிய ரவையைப் போட்டு வலுவை ஈடுசெய்ய நினைக்கும்போது பரவல் சல்லடையாகிவிடுகிறது. அவர் ரவையை ஓர் எண் சிறிதாக்கி, தொலைவையும் குறைத்துக்கொள்வதே வழி.

சோக் என்பது குழல் முனையின் குறுக்கம். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு ரவை விழுகிறது என்பதே அதன் அளவுகோல்: சிலிண்டர் சுமார் 40, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. 25 கஜத்துக்குள் சுடுபவருக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டரே போதும். 30-க்கு மேல் என்றால் மாடிஃபைடு. எஃகு இயல்பாகவே இறுக்கமாகப் பரவுவதால், அதற்கு ஒரு நிலை தளர்ந்த சோக்கைப் பொருத்துவது வழக்கம். ஃபுல் சோக்கில் 20 கஜத்துப் பறவை, தப்பினால் முழுதும் தப்பும், பட்டால் சமைக்க எதுவும் மிஞ்சாது.

ஐந்தாம் படி: தாளில் சோதித்தல்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். நாற்பது அங்குலச் சதுரத் தாள்களை, பின்னால் மண்மேடு உள்ள பாதுகாப்பான சுடுதளத்தில் கட்டி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். நீங்கள் உண்மையில் சுடப்போகும் தொலைவில் நின்று, ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு தோட்டா சுட்டு, தோட்டாவின் பெயர், எண், சோக், தொலைவு ஆகியவற்றை உடனே அதன் மூலையில் எழுதிவிடுங்கள். ஒரு தோட்டாவுக்கு ஒரு தாள் போதாது. அதே பெட்டியிலிருந்து அடுத்தடுத்துச் சுடும் தோட்டாக்களே ஒன்றுபோல் பரவுவதில்லை என்பதால், மூன்று முதல் ஐந்து தாள்கள் வேண்டும்.

துளைகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அங்கே ஓர் ஆணியை வைத்து, 15 அங்குல நூலில் பென்சிலைக் கட்டி வட்டம் வரையுங்கள். வட்டத்தை நான்காகப் பிரித்து, எண்ணிய துளைகளின் மீது மைப்பேனாவால் கோடிட்டுக்கொண்டே போனால் எண்ணிக்கை குழம்பாது. 1¼ அவுன்ஸ் 6-ஆம் எண்ணில் மொத்தம் சுமார் 281 ரவைகள். 40 கஜத்தில் வட்டத்துக்குள் 170-ஐ ஒட்டி வந்தால் உங்கள் மாடிஃபைடு சோக் பெயருக்கேற்ப நடந்துகொள்கிறது. வட்டத்தின் மையம் கறுப்புப் புள்ளியிலிருந்து ஒரே பக்கமாகத் தொடர்ந்து விலகியிருந்தால், குறை ரவையில் இல்லை. துப்பாக்கி உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தவில்லை.

எண்ணிக்கையைவிட எனக்குப் பயன்படுவது அடுத்து வருவது. பறவையின் தலை, கழுத்து, உடல் ஆகியவற்றை மட்டும் உண்மை அளவில், வாலும் சிறகும் இல்லாமல், ஓர் அட்டையில் வெட்டித் துளையாக எடுத்துவிட்டு, அந்த அட்டையைத் தாளின் மீது இங்குமங்கும் நகர்த்துங்கள். வட்டத்துக்குள் எங்கே வைத்தாலும் துளையினூடே நான்கு ஐந்து ரவைத் தடங்களாவது தெரிய வேண்டும். இரண்டு மட்டுமே தெரிகிற இடங்கள் அடிக்கடி வந்தால், சிறிய ரவையோ இறுக்கமான சோக்கோ குறைந்த தொலைவோ தேவை. பெசன்டுக்கான 4-ஆம் எண் தோட்டா பல துப்பாக்கிகளில் 40 கஜத்தில் இந்தச் சோதனையில் தேறுவதில்லை, 5 தேறிவிடும்.

ஆறாம் படி: களத்தில்

பெரிய ரவை அதிகத் தொலைவு போகும் என்பது பாதுகாப்புக்கும் பொருந்தும். அங்குலத்தில் ரவையின் விட்டத்தை 2,200-ஆல் பெருக்கினால், ஈய ரவை போகக்கூடிய பெருந்தொலைவு கஜத்தில் ஏறத்தாழக் கிடைக்கும்: 7½-க்கு 209, 6-க்கு 242, 4-க்கு 286. பறவை விழும் தொலைவு 40 கஜமாக இருந்தாலும், அதன் பின்னால் அவ்வளவு தூரத்துக்கு யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே விசையை அழுத்த வேண்டும். எஃகு ரவை பாறையில் பட்டுத் தெறிக்கும். சுக்கர் கௌதாரி நிலத்தில் கண்ணாடி அணியாமல் நிற்கக்கூடாது. 12 கேஜும் 20 கேஜும் ஒரே வீட்டில் இருந்தால், இரண்டு தோட்டாக்களும் ஒரே அங்கியின் பைக்குள் ஒருபோதும் வரக்கூடாது. மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவி முன்னே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டாவின் நிறம் அதற்காகவே வைக்கப்பட்டது.

வீடு திரும்பிய பிறகு, இறகைப் பிடுங்கும்போது ஒவ்வொரு காயத்தையும் பாருங்கள். ரவை தோலுக்கடியில் இறகுச் சுருளோடு நெஞ்சுச் சதையின் மேலேயே நின்றிருந்தால், அந்தத் தொலைவுக்கு அது போதவில்லை. அடுத்த பெட்டியில் ரவை ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். ரவைகள் உடலை முழுதாகக் கடந்து வெளியேறியிருந்து, மொத்தமே இரண்டோ மூன்றோ காயங்கள் இருந்தால், ரவையை ஓர் அளவு சிறிதாக்கலாம். காயங்கள் எல்லாம் வால்புறத்தில் இருந்தால் ரவையை மாற்றுவதால் பயனில்லை, பறவைக்கு முன்னால் சுடப் பழக வேண்டும். ரவைத் தடம் தெரிகிற சதையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிடுங்கள், ஈயம் உண்ணத்தக்கதல்ல. எஃகு ரவை என்றால் காந்தத்தைச் சதையின் மீது மெதுவாக நகர்த்தினால் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும், பல்லும் தப்பும்.